ரென் லெ ஷாத்தோ: ஒரு மலைக்கிராமமும் அதன் பங்குக்கோயிலும் கணக்கில் வராத காசும்

டாவின்சி கோட் படத்தின் முதல் காட்சியிலேயே ஒரு பெரியவர் சுடப்பட்டுச் செத்துப் போவார். பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தின் காப்பாளர். பெயர் ஜாக் சோனியேர். 2003ல் நாவல் வந்தபோதும், 2006ல் படம் வந்தபோதும் எனக்கு விவரம் தெரியாத வயது. தமிழ்நாடு அரசு அந்தப் படத்துக்குத் தடை போட்டதும், சென்னை உயர்நீதிமன்றம் அதே வருடம் அந்தத் தடையை நீக்கியதும்கூட பின்னால் படித்துத் தெரிந்துகொண்டதுதான். போன செமஸ்டர் லீவில் ஒருவழியாகப் படத்தைப் பார்த்துவிட்டு, இந்த சோனியேர் யார் என்று தேட ஆரம்பித்தேன். கிடைத்தது படத்தைவிட நன்றாக இருந்தது.

அந்தப் பெயரை டான் பிரவுன் சும்மா வைக்கவில்லை. தெற்கு பிரான்சில் ஒரு மலையுச்சிக் கிராமத்தில் பெரான்ஜே சோனியேர் என்று ஒரு பங்குச்சாமியார் நிஜமாகவே இருந்தார். வருடத்துக்கு 900 பிராங்க் சம்பளம் வாங்கிய அவர், இரண்டு லட்சம் பிராங்க் அளவுக்குச் செலவு செய்து கோயிலைப் புதுப்பித்து, மாளிகை கட்டி, கோபுரம் எழுப்பினார். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விக்குப் பதிலாக நூற்றுக்கணக்கான புத்தகங்கள் வந்துவிட்டன. புதையல், ரகசியச் சங்கம், இயேசுவின் வம்சம் என்று ஏதேதோ சொல்கின்றன. நான் பி.காம். படிப்பவள். ஆடிட்டிங் பேப்பரில் ‘வவுச்சிங்’ என்று ஒரு பாடம் உண்டு. ஒவ்வொரு செலவுக்கும் ரசீது எங்கே, ஒவ்வொரு வரவுக்கும் ஆதாரம் எங்கே என்று பார்ப்பது. அந்தப் புத்தியோடுதான் இதைப் படித்தேன் :-)

முதலில் ஊரைப் பார்த்துவிடுவோம். ஊரின் பெயர் ரென் லெ ஷாத்தோ. கார்கஸோன் நகரத்துக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டர். கீழே ஓத் நதிக்கரையில் கூயிஸா என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து ஒரு சாலை வளைந்து வளைந்து மேலே ஏறுகிறது. உச்சியில் ஒரு பழைய கோட்டை, ஒரு கோயில், கொஞ்சம் கல்வீடுகள். ஊர் முடிந்தது. தெற்கே பார்த்தால் பிரனீஸ் மலைகள். சோனியேர் காலத்தில் அங்கே சுமார் 300 பேர் இருந்தார்கள். இப்போது நூறு பேர்கூட இல்லை. (2012ல் உலகம் அழியப்போகிறது, தப்பிக்க ஒரே இடம் ப்யூகராஷ் மலைதான் என்று ஒரு புரளி வந்ததே, அந்த ப்யூகராஷ் பக்கத்து ஊர்தான். அந்த வட்டாரத்து மண்ணில் என்னமோ இருக்கிறது!)

பெயரில் இரண்டு பாதி. ‘ஷாத்தோ’ என்றால் கோட்டை. பக்கத்திலேயே ரென் லே பென் என்று வெந்நீர் ஊற்றுகள் உள்ள இன்னொரு ஊர் இருக்கிறது. ‘பென்’ என்றால் குளியல். கோட்டை ரென், குளியல் ரென். நம்மூரில் மேலத்தெரு, கீழத்தெரு சொல்வது போல ஒரு அடையாளம், அவ்வளவுதான். ரகசியம் எல்லாம் முதல் பாதியில் இருக்கிறது. பிரான்சின் வடமேற்கில் ரென் என்று ஒரு பெரிய நகரம் உண்டு. அந்தப் பெயர் ரெதோனஸ் என்ற பழங்குடியிலிருந்து வந்தது. இந்த மலை ரென்னுக்கு அதோடு சம்பந்தம் இல்லை. இது ‘ரெதே’ என்ற பழைய பெயரின் தேய்ந்த வடிவம். சுற்றுவட்டாரத்துக்கே ‘ரஸேஸ்’ என்று பெயர் வந்ததும் அதே வேரிலிருந்துதான். சார்லமேன் பேரரசரின் அதிகாரியாக 798 வாக்கில் இந்தப் பக்கம் வந்த தியோதுல்ஃப் என்பவர், தன் லத்தீன் கவிதையில் கார்கஸோனையும் ரெதேயையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். ஆக எட்டாம் நூற்றாண்டு முடியும்போது ரெதே கவனிக்கத்தக்க ஓர் இடம். ஆதாரம் சொல்வது அவ்வளவே.

ஆனால் ஒரு பெயரை வைத்து எவ்வளவு தூரம் போகலாம் தெரியுமா? 1880ல் லூயி ஃபெதியே என்ற உள்ளூர் வரலாற்றாசிரியர், ரெதே என்பது இந்த மலையுச்சியில் இருந்த ஒரு மாபெரும் நகரம் என்று எழுதினார். பின்னால் வந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். இந்தப் பகுதியை விசிகோத் அரசர்கள் ஆண்டார்கள், அது உண்மை. விசிகோத் தலைவன் அலாரிக் 410ல் ரோமைக் கொள்ளையடித்தான், அதுவும் உண்மை. கி.பி. 70ல் எருசலேம் தேவாலயத்தை இடித்த டைட்டஸ் அங்கிருந்த பொக்கிஷங்களை ரோமுக்குக் கொண்டுபோனார், அதுவும் உண்மை. மூன்று உண்மைகளையும் வரிசையாக அடுக்கினால் சாலமோனின் புதையல் நேராக நம்ம மலைக்கு வந்து சேர்ந்துவிடும்! இடையில் இருக்கும் ஓட்டைகளை யாரும் பார்ப்பதில்லை. ஆறாம் நூற்றாண்டின் ப்ரொகோபியஸ், அலாரிக் சாலமோனின் செல்வத்தை எடுத்துப்போனான் என்று ஓரிடத்தில் எழுதுகிறார். இன்னோரிடத்தில், யூதர்களின் பொக்கிஷத்தை 455ல் வண்டல்கள் ரோமிலிருந்து கார்த்தேஜுக்குக் கொண்டுபோனார்கள், அங்கிருந்து பெலிசாரியஸ் மீட்டு கான்ஸ்டான்டிநோபிளுக்குக் கொண்டுவந்தார் என்றும் எழுதுகிறார். நமக்கு எது வசதியோ அதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கம்பெனிக்கணக்கில் ‘குட்வில்’ என்று ஒரு சொத்து உண்டு. கையால் தொட முடியாது, ஆனால் விலை உண்டு. ரென் லெ ஷாத்தோவின் குட்வில் அதன் பெயர்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி கோயில். மரிய மதலேனாள் பெயரில் உள்ள இடைக்காலக் கோயில். சின்னது. நாவல் படித்தவர்களுக்கு மதலேனாள் என்றதும் காது நிமிரும். ஆனால் தெற்கு பிரான்சில் அந்தப் பெயரில் கோயில் இருப்பது அதிசயமே இல்லை. அவர் கப்பலேறி புரோவான்ஸ் கரைக்கு வந்து இறங்கினார் என்பது அங்கே நெடுநாளைய நம்பிக்கை.

சோனியேர் 1852ல் பக்கத்து ஊரான மோந்தஸெலில் பிறந்தவர். 1885 ஜூனில் இந்தக் கோயிலுக்குப் பங்குத்தந்தையாக வந்தார். அப்போது கோயில் இடிந்து விழாத குறை. அன்றைய பிரான்சில் பாதிரியார்களுக்கு அரசாங்கம்தான் சம்பளம் கொடுத்தது. இவரோ அந்த அரசாங்கத்தையே பிடிக்காத, மன்னராட்சி திரும்ப வரவேண்டும் என்று நினைத்த ஆள். வந்த நான்காம் மாதமே, அக்டோபர் 1885 தேர்தல் நேரத்தில், பிரசங்க மேடையிலிருந்தே குடியரசுக்கு எதிராக ஓட்டுப் போடச் சொன்னார். சம்பளத்தை நிறுத்திவிட்டார்கள். கொஞ்சநாள் நார்போன் குருமடத்தில் பாடம் நடத்திவிட்டு 1886ல் திரும்பி வந்தார்.

இந்தத் துணிச்சலுக்குப் பரிசும் கிடைத்தது. பிரெஞ்சு அரியணைக்கு உரிமை கோரிய ஷாம்போர் பிரபுவின் விதவை 3,000 பிராங்க் நன்கொடை கொடுத்தார். அதாவது அவருடைய மூன்று வருடச் சம்பளத்துக்கும் மேல். ஊர் பெயர் தெரியாத ஒரு மலைக்கிராமத்துப் பாதிரியார், கடிதம் எழுதினால் தூரத்துப் பணக்காரர்களிடமிருந்து காசு வரும் என்று கற்றுக்கொண்டது அப்போதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் யூகம்தான். ஆனால் பின்னால் நடந்ததெல்லாம் அதற்குப் பொருந்துகிறது.

வேலை ஆரம்பித்தது. 1887ல் புதிய பீடம் வந்தது. வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் வந்தன. பழைய பீடத்தைத் தாங்கிய செதுக்குத் தூணை 1891ல் வெளியே தோட்டத்தில் தலைகீழாக நட்டு அதன்மேல் மாதா சுரூபத்தை வைத்தார். தூண் பொந்தாக இருந்தது, அதற்குள் ரகசிய ஓலைகள் இருந்தன என்பதுதான் புகழ்பெற்ற கதை. தூண் இன்றும் இருக்கிறது. அதில் இருப்பது ஒரு சின்னக் குழிதான். சுருட்டிய ஓலைகளை ஒளித்துவைக்க அது போதாது.

அதே 1891 செப்டம்பர் 21 அன்று தன் டைரியில், ஒரு கல்லறையைக் கண்டுபிடித்ததையும், சாயங்காலம் மழை பெய்ததையும் குறித்திருக்கிறார். புதையல்காரர்களுக்கு இந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. பழைய கோயிலின் தளத்தைப் பெயர்த்தால் கல்லறை இல்லாமல் வேறென்ன வரும்? சில காசுகளோ ஒரு பழைய பாத்திரமோ கிடைத்திருக்கலாம். ஒரு சுவர் கட்டக்கூட அது போதாது.

1895 மார்ச்சில் நடந்தது வேறு. ஊர்க்காரர்களே மாவட்ட ஆட்சியாளருக்குப் புகார் எழுதினார்கள். சாமியார் கல்லறைத் தோட்டத்தில் தோண்டுகிறார், நாங்கள் வைத்த சிலுவைகளையும் கற்களையும் இடம் மாற்றுகிறார், எங்கள் செத்தவர்களை நிம்மதியாக விடச்சொல்லுங்கள் என்பதுதான் புகாரின் சாரம். புதையல் புத்தகங்களில் இது ‘சோனியேர் எதையோ தேடினார்’ என்பதற்கு ஆதாரமாக வரும். எனக்கு அந்தப் புகாரை எழுதியவர்கள்தான் கண்ணுக்குத் தெரிகிறார்கள். நேற்று அப்பாவைப் புதைத்த இடம் இன்று காலை வேறு மாதிரி இருந்தால் எப்படி இருக்கும்?

1896 கடைசியில் தூலூஸ் நகரத்து ஜிஸ்கார் கம்பெனிக்கு ஆர்டர் போனது. சுரூபங்கள், சிலுவைப்பாதை நிலைகள் என எல்லாம் வர்ணம் பூசிய சுடுமண். கேட்டலாகைப் பார்த்து ஆர்டர் கொடுக்கும் கம்பெனி அது. அவர்கள் செய்த சிலுவைப்பாதை வேறு கோயில்களிலும் உண்டு. இந்தக் கோயிலில் எந்தப் புனிதர் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று கோடு இழுத்துப் புதையலுக்கு வழி கண்டுபிடித்தவர்களுக்கு இது கொஞ்சம் கஷ்டமான விஷயம்தான்.

உள்ளே நுழைந்ததும் தீர்த்தத் தொட்டியைத் தோளில் தாங்கிக்கொண்டு ஒரு பசாசு உட்கார்ந்திருக்கும். பிதுங்கிய கண்கள், கோரமான முகம். அதன் தலைக்கு மேலே நான்கு சம்மனசுகள் சிலுவை அடையாளம் போடுகிறார்கள். இந்த அடையாளத்தால் அவனை வெல்வாய் என்ற பொருளில் நடுவே ஓர் எழுத்து. கோயிலில் பசாசா என்று திகைத்துப் போய் எழுதியிருக்கிறார்கள். ஆனால் 1885ல் அவர் பேசிய பிரசங்கத்தைத் தெரிந்துகொண்டு பார்த்தால், சிலுவையின் கீழே நசுங்கிக் கிடப்பது குடியரசுதான் என்று சில ஆய்வாளர்கள் சொல்வது ஒத்துவருகிறது. வாசலுக்கு மேலே இன்னொரு லத்தீன் வாசகம் உண்டு. ‘பயங்கரமான இடம்’ என்று மொழிபெயர்த்துப் பயமுறுத்துவார்கள். அது ஆதியாகமத்தில் யாக்கோபு ஏணிக் கனவு கண்டு எழுந்ததும் பயபக்தியோடு சொல்வது. கோயில் நேர்ந்தளிப்புப் பூசையில் வழக்கமாக வரும் வாசகம்.

1897ல் ஆயர் பியார் நேரில் வந்து புதுப்பித்த கோயிலைத் திறந்துவைத்தார். கதை இங்கே முடிந்திருந்தால் நல்ல பங்குத்தந்தை என்று ஒரு கல்வெட்டு வைத்திருப்பார்கள்.

அதற்குப் பிறகுதான் பெரிய செலவு. கோயிலுக்குப் பக்கத்து நிலங்களைத் தன் வீட்டு வேலைகளைப் பார்த்துவந்த மரி தெனார்னோ என்ற பெண்ணின் பெயரில் வாங்கினார். அங்கே வில்லா பெத்தானி என்ற மாளிகை எழுந்தது. மலையின் விளிம்பில், பள்ளத்தாக்கைப் பார்த்தபடி மக்தலா கோபுரம் எழுந்தது. அது அவருடைய நூலகம். தோட்டம், நீண்ட மேல்நடை, கண்ணாடிக்கூடம் என்று வேலை நீண்டது. பின்னாளில் அவரே ஆயரகத்துக்குக் கொடுத்த கணக்கு இருக்கிறது. வில்லா 90,000 பிராங்க். கோபுரம் 40,000. தோட்டமும் மேல்நடையும் 19,050. கோயில் புதுப்பிப்பு 16,200. இன்னும் சில சேர்த்து மொத்தம் 1,93,000. கவனியுங்கள், கோயிலுக்குச் செலவானது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இப்போது வரவுப் பக்கம். இங்கேதான் ‘பூசைக் காணிக்கை’ வருகிறது. எனக்கு அது தெரியாது. வகுப்பில் என் பக்கத்து சீட்காரி தூத்துக்குடி. அவளிடம் கேட்டேன்.

“எங்க தாத்தா செத்த நாளுக்கு வருசா வருசம் பாட்டி பூசை வைப்பாங்க. முன்னாடியே கோயில்ல போய் தாத்தா பேரை எழுதிக்குடுத்து காணிக்கையும் குடுத்துடுவாங்க. அன்னிக்கு பூசையில சாமி அந்தப் பேரை வாசிப்பாரு. அதைக் கேக்கறதுக்குன்னே பாட்டி முன்னாடி பெஞ்சுல போய் உக்காந்துப்பாங்க.”

சோனியேர் காலத்து பிரான்சில் ஒரு பூசைக்குக் காணிக்கை ஒன்று அல்லது ஒன்றரை பிராங்க். திருச்சபைச் சட்டப்படி ஒரு காணிக்கைக்கு ஒரு பூசை. எத்தனை பேர் கேட்டாலும் ஒரு குருவானவர் ஒரு நாளைக்கு ஒரு காணிக்கையைத்தான் தனக்கென்று வைத்துக்கொள்ளலாம். மிஞ்சியதைக் காசோடு வேறு குருக்களுக்கு அனுப்பிவிட வேண்டும். சோனியேர் கத்தோலிக்கப் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார். மடங்களுக்கும் பக்தர்களுக்கும் கடிதம் எழுதினார். பிரான்சின் எல்லா மூலைகளிலிருந்தும், வெளிநாடுகளிலிருந்தும்கூட மணியார்டர்கள் மலையேறி வந்தன. யார், எந்த ஊர், எத்தனை பூசை என்று அவர் நோட்டுகளில் குறித்து வைத்தார். அந்த நோட்டுகளில் பல தப்பித்துவிட்டன. கார்கஸோன் நூலகராக இருந்த ரெனே தெகாதேயாஸ் 1974லும், ஜான் ஜாக் பெதூ 1990லும் ஆவணங்களை வைத்து எழுதிய புத்தகங்கள், பணத்தின் ஊற்று இதுதான் என்று காட்டின.

ஒரு கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் அங்கே பங்குத்தந்தையாக இருந்தது 1885 முதல் 1909 வரை, 24 வருடம். அரசாங்கச் சம்பளம் 1905ல் அரசும் திருச்சபையும் பிரிந்தபோது நின்றுபோயிற்று. ஒரு நாளும் நிற்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். 24 x 900 = 21,600. தினமும் தவறாமல் ஒரு பூசை, ஒன்றரை பிராங்க் வீதம்: 8,760 பூசை, 13,140 பிராங்க். இரண்டும் சேர்த்து 34,740. சாப்பாட்டுச் செலவே இல்லாமல் அத்தனையையும் மிச்சம் பிடித்திருந்தாலும் 1,93,000ல் ஐந்தில் ஒரு பங்குகூட வரவில்லை.

தலைகீழாகப் போட்டுப் பார்த்தேன். 1,93,000 பிராங்கும் பூசைக் காணிக்கைதான் என்றால் அது 1,28,000 பூசைக்கும் மேல். நாளுக்கு ஒன்றாக வைத்தால் 352 வருடம் ஆகும். நியாயமாகச் சொல்ல வேண்டும், முழுவதும் பூசைக் காசு இல்லை. நன்கொடைகளும் வந்தன. பிரபுக் குடும்பங்களோடு பழக்கம் உள்ள பாதிரியாரான தம்பி அல்ஃப்ரெத் திரட்டித் தந்ததாகவும் சோனியேர் சொன்னார். (அல்ஃப்ரெத் 1905ல் இறந்துவிட்டார். சாட்சி சொல்ல ஆள் இல்லை.) சரி, பாதியைத் தள்ளிவிடுவோம். அப்போதும் 176 வருடம்.

இதைத் தூத்துக்குடிக்காரியிடம் காட்டினேன். ரொம்ப நேரம் அந்த 352ஐப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப அந்தப் பூசையெல்லாம் யாரு வெச்சா?” என்றாள். யாரும் வைக்கவில்லை என்றேன். அதற்குப் பிறகு அவள் இதைப் பற்றிப் பேசவில்லை.

பழைய ஆயர் இருந்தவரை பெரிதாகத் தொந்தரவு இல்லை. 1902ல் போசெஜூர் என்ற புதிய ஆயர் வந்தார். வெளியிலிருந்து பூசை கேட்டு வாங்காதே என்று தடுத்தார். அது நிற்கவில்லை. 1909 ஜனவரியில் கூஸ்தூஜ் என்ற ஊருக்கு மாற்றல் போட்டார். சோனியேர் போக மறுத்துப் பதவியை விட்டார். 1910ல் திருச்சபை நீதிமன்றத்தில் வழக்கு: பூசை வியாபாரம், கீழ்ப்படியாமை, கணக்கு காட்ட முடியாத அளவுகடந்த செலவு. முதலில் பத்து நாள் தியானம் தண்டனை. பிறகு கணக்கைக் கொண்டுவா என்றார்கள். இழுத்தடித்து இழுத்தடித்து ஒரு கணக்கு கொடுத்தார். மேலே சொன்ன 1,93,000 பட்டியல் அதுதான். ரசீது கேட்டபோது வந்தது சுமார் 36,000 பிராங்குக்கு மட்டும். என் ஆடிட்டிங் சார் இருந்திருந்தால் பேப்பரைத் தூக்கி மூஞ்சியில் எறிந்திருப்பார். 1911 டிசம்பரில் பூசை வைக்கும் அதிகாரத்தையே பறித்துவிட்டார்கள்.

அவர் ஊரை விட்டுப் போகவில்லை. வில்லாவில் தனியாகப் பீடம் வைத்துப் பூசை நடத்தினார். ஊர்க்காரர்கள் புதிய பங்குத்தந்தையை விட்டுவிட்டு இவரிடமே வந்தார்கள் என்கிறார்கள். கல்லறைக்காகப் புகார் எழுதிய அதே ஊர்! மனிதர்களைக் கணக்கில் கொண்டுவருவது கஷ்டம்தான். 1913ல் ஒரு நில அடமான வங்கியில் 6,000 பிராங்க் கடன் வாங்கினார். சாலமோனின் புதையல் மேல் உட்கார்ந்திருப்பவன் எதற்காக 6,000 பிராங்குக்கு வட்டி கட்ட வேண்டும் என்று புதையல் புத்தகங்கள் கேட்பதில்லை. 1917 ஜனவரி 22 அன்று சோனியேர் இறந்துபோனார். உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. அந்த ஊருக்கு வெளியே யாருக்கும் அது செய்தி இல்லை.

பிறகு எப்படி இவ்வளவு பெரிய கதை? இங்கேதான் அந்தக் குட்வில் வேலை செய்தது. மரி தெனார்னோ வயதான காலத்தில், 1946ல், தன்னைப் பார்த்துக்கொள்வதற்கு ஈடாகச் சொத்தை நோயல் கோர்பு என்பவர் குடும்பத்துக்குக் கொடுத்தார். 1953ல் அவரும் இறந்தார். கோர்பு வில்லாவில் ஒரு ஹோட்டல் ஆரம்பித்தார். மலையுச்சியில் ஹோட்டல்! யார் வருவார்கள்? சாப்பிட வந்தவர்களுக்குக் கோர்பு ஒரு கதை சொல்ல ஆரம்பித்தார். சாமியார் ஓலைகளைக் கண்டெடுத்தார், பதின்மூன்றாம் நூற்றாண்டு அரசி காஸ்தீலின் பிளான்ஷ் ஒளித்துவைத்த புதையல் அவருக்குக் கிடைத்தது என்று. 1956 ஜனவரியில் ‘லா தெபேஷ் த்யு மிதி’ பத்திரிகை இதைத் தொடராகப் போட்டது. கூட்டம் வந்தது. கடப்பாரையோடும் வந்தது. 1965ல் ஊராட்சியே தோண்டுவதைத் தடை செய்ய வேண்டியதாயிற்று.

அந்தக் கதையைப் பியேர் பிளான்தார் என்பவர் பிடித்துக்கொண்டார். அவர் 1956ல் ஆன்மாஸ் ஊரில் நண்பர்களோடு தொடங்கிய சங்கத்தின் பெயர் ‘சீயோன் மடம்’. டாவின்சி கோடில் தொள்ளாயிரம் வருடப் பழமையான ரகசிய சங்கமாக வருவது இதுதான். எருசலேமின் சீயோன் என்றுதானே நினைப்போம்? ஆன்மாஸுக்குப் பக்கத்தில் சீயோன் மலை என்று ஒன்று இருக்கிறது. அந்தச் சங்கத்தின் பத்திரிகை அப்போது எழுதியது குறைந்த வாடகை வீடுகளைப் பற்றி :-) மறுபடியும் ஒரு பெயர்தான் மூலதனம்.

பிளான்தாரின் நண்பர் பிலிப் த ஷெரிஸே ‘சோனியேர் கண்டெடுத்த ஓலைகளை’ உட்கார்ந்து தயாரித்தார். 1967ல் ஜெரார் த ஸேத் அவற்றைப் புத்தகத்தில் போட்டார். மெரோவிங்கிய அரச வம்சம் அழியவில்லை, அதன் வாரிசு பிளான்தார்தான் என்பது உள்நோக்கம். புத்தகம் விற்றது. ராயல்டி பங்கில் சண்டை வந்தது. ஓலைகள் போலி என்பது அந்தச் சண்டையில்தான் வெளியே வந்தது. அதற்குள் பிரிட்டிஷ்காரர் ஹென்றி லிங்கன் அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு 1972லிருந்து பிபிசியில் மூன்று படங்கள் எடுத்தார். 1982ல் இன்னும் இருவரோடு சேர்ந்து அவர் எழுதிய புத்தகம் அந்த வம்சத்தை இயேசுவுக்கும் மதலேனாளுக்கும் கொண்டுபோய் முடிச்சுப் போட்டது. அங்கிருந்து டான் பிரவுன். லிங்கனின் கூட்டாளிகள் இருவரும் லண்டனில் டான் பிரவுனின் பதிப்பாளர் மேல் வழக்குப் போட்டு 2006ல் தோற்றார்கள். வரலாறு என்று சொல்லி எழுதிய புத்தகத்தை ஒரு நாவலாசிரியர் எடுத்துக்கொண்டால் அது திருட்டு ஆகுமா என்பது வழக்கு. பிசினஸ் லா பேப்பருக்கு நல்ல கேள்வி.

கோயில் இன்னும் இருக்கிறது. பசாசின் தலையை 1996ல் யாரோ வெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வேறு தலை வைத்தார்கள். 2017 ஏப்ரல் 23, பிரெஞ்சு அதிபர் தேர்தலின் முதல் சுற்று நாளில், முகமூடி போட்ட ஒரு பெண் கோடரியோடு வந்து அதையும் வெட்டினாள். 1885ல் அந்தக் கோயிலில் தகராறு ஆரம்பித்ததும் ஒரு தேர்தலில்தான்.

சோனியேரை ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் மரி தெனார்னோவுக்குப் பக்கத்தில்தான் புதைத்திருந்தார்கள். புதையல் தேடி வருகிறவர்கள் கல்லறைத் தோட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. 2004ல் அவருடைய எலும்புகளைத் தோண்டி எடுத்து, அவர் கட்டிய வில்லாவின் தோட்டத்தில், கான்கிரீட் போட்டு வைத்தார்கள். மரி பழைய இடத்திலேயே இருக்கிறார்.